கட்டி ஓரிடம், வலி வேறிடம்

"மார்புல இருந்த கட்டிய எடுத்தாச்சுதானே டாக்டர், பொறகு எப்புடி முள்ளந்தண்டுல வந்திச்சு?"

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கும் எந்த வைத்தியசாலையிலும் கேட்கக்கூடிய கேள்வி இது. கேட்பவர் நோயாளியாக இருக்கலாம், அவருடைய மகளாக இருக்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கட்டி மார்பில் இருந்தது. சத்திரசிகிச்சையில் அதை முழுவதும் எடுத்தார்கள். காயமும் ஆறிவிட்டது. மூன்று நான்கு வருடங்கள் கழித்து, மார்போடு எந்தத் தொடர்பும் இல்லாத முதுகில் அதே நோய் எப்படித் தலைகாட்டுகிறது?

இலங்கையின் தலவாக்கலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கேள்வி இன்னொரு சிக்கலையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. கொழுந்தைச் சுமந்தபடி செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு இடுப்பும் முதுகும் வலிப்பது அன்றாட விஷயம். பனடோல் போட்டு, தைலம் தேய்த்து, மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பார். அநேகமாக அது வேலையால் வந்த வலிதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் முன்பு மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்ற ஒருவருக்கு, படுத்தாலும் ஆறாத, இரவில் கூடுகிற முதுகுவலி வந்தால் அதைச் சுமையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, நம் உடம்பே தன் தேவைக்காகச் செய்துகொள்ளும் சில புரதங்களைப் பின்தொடர்ந்து போக வேண்டும்.

முன்பே கிளம்பியவை

முள்ளந்தண்டில் தெரியும் அந்த நோய், என்பில் புதிதாகப் பிறந்த புற்றுநோய் அல்ல. அதில் சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், அங்கே இருப்பவை மார்பின் பால்குழாய்ப் பகுதியில் பிறந்த கலங்கள், அதாவது செல்கள், என்பது தெரியவரும். சத்திரசிகிச்சை கட்டியை எடுத்தது உண்மை. அதற்கு மாதங்களோ வருடங்களோ முன்பே சில கலங்கள் கட்டியை விட்டுக் குருதியோடும் நிணநீரோடும் வெளியேறிவிட்டன என்பதும் உண்மை.

இதைக் கேட்டதும் பலருக்கு ஒரு பழைய பயம் எழும். "கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்தினால் கலைந்துவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். இந்தப் பயத்தாலேயே கட்டியை மறைத்து வைத்திருந்த பெண்கள் உண்டு. கட்டியிலிருந்து கலங்கள் கழன்று குருதியில் விழுந்தால் மட்டும் போதுமா? அமெரிக்க ஆய்வாளர் ஐசாயா ஃபிட்லர் 1970இல் இதை அளந்து பார்த்தார். கதிரியக்க அடையாளம் இட்ட புற்றுநோய்க் கலங்களை எலிகளின் குருதிக்குள் நேரடியாகவே செலுத்தினார். ஒரு நாள் கழித்து உயிரோடு எஞ்சியவை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. புதிய கட்டியாக வளர்ந்தவை பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு.

ஆக, குருதிக்குள் விழுவதால் மட்டும் நோய் பரவிவிடுவதில்லை. பரிசோதனைக்காக ஊசி குத்தித் துணுக்கு எடுப்பதால் நோயாளியின் ஆயுள் குறைவதும் இல்லை. ஊசி போடாமல், நோயின் பெயரே தெரியாமல் நாளைக் கடத்துவதுதான் ஆயுளைக் குறைக்கிறது. கலம் ஒன்று பரவ வேண்டுமானால் அது தன் இடத்தை விட்டு நகரவேண்டும், குருதிக்குழாயின் சுவரைக் கண்டுபிடித்து நுழையவேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் பிழைக்கவேண்டும். இந்த மூன்றையும் அது தனியாகச் செய்வதில்லை. ஒவ்வொரு படியிலும் நோயற்ற கலங்கள் அதற்கு உதவுகின்றன.

மண் பார்த்து வேர்விடுவது

லண்டனில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டி 1889இல் ஒரு கட்டுரை எழுதினார். ஈரலில் நோய் பரவியிருந்தது 241 பேரிடம். மண்ணீரலில் பரவியிருந்ததோ 17 பேரிடம் மட்டும். இரண்டுக்குமே தாராளமாகக் குருதி போகிறது. குருதி கொண்டுபோய்ப் போட்ட இடத்திலெல்லாம் நோய் முளைக்கும் என்றால் இந்த எண்கள் இவ்வளவு தூரம் விலகியிருக்க முடியாது. என்புகளில் நோய் வருவதிலும் இதே பாரபட்சம் தெரிந்தது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று பாஜெட் முடிவுகட்டினார்.

தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், ஒற்றை இலையோடு வெட்டிய சிறு தண்டிலிருந்து வீ.பி. எனப்படும் தேயிலைக் கன்று வளர்க்கும் முறையை நாடெங்கும் பரப்பியது. ஒரே தாய்ச்செடியில், ஒரே நாளில், ஒரே கையால் வெட்டிய தண்டுகள்தான். புளிப்புத் தன்மையுள்ள மண் நிரப்பிய பையில் ஊன்றியது வேர்விடுகிறது. அடுப்புச் சாம்பல் கொட்டிக் காரமேறிய மண்ணில் ஊன்றியது கருகிப்போகிறது. தண்டில் குறையில்லை, மண்தான் தீர்மானிக்கிறது.

வழியும் முக்கியம்தான். மார்புப் பகுதியின் நாளங்களுக்கும் முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நாளங்களுக்கும் இடையே வால்வு இல்லாத இணைப்பு உண்டு என்று ஓஸ்கார் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1940இல் காட்டினார். இருமும்போதும் முக்கும்போதும் அதில் குருதி முன்னும் பின்னும் ஓடும். கலம் முள்ளந்தண்டை எட்டுவதற்கு இது வசதியான பாதை. ஆனால் எட்டியபின் பிழைப்பது எப்படி? மண்ணில் இருப்பது என்ன? பாஜெட்டுக்கு அதைச் சொல்ல வழியிருக்கவில்லை.

வளரச் சொல்லும் புரதங்கள்

பதிலின் முதல் நுனி, புற்றுநோயோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்வுகூடத்தில் அகப்பட்டது. எலிக்குட்டிகள் கண்மூடிய நிலையில் பிறந்து, இரண்டு வாரமளவில் கண் திறக்கும். ஸ்டான்லி கோஹென் என்ற அமெரிக்க உயிர்இரசாயனவியலாளர், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்த சாற்றைக் குட்டிகளுக்கு ஏற்றியபோது அவை ஒரு வாரத்திலேயே கண் திறந்தன. பற்களும் முந்தி முளைத்தன. அந்தச் சாற்றில் தோலை வேகமாக வளரச் சொல்லும் ஏதோ ஒன்று இருந்தது. 1962இல் அதைத் தனியாகப் பிரித்தார். 53 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதம் அது. நரம்பு வளரச் சொல்லும் புரதத்தை முன்பே கண்டறிந்த ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு அவர் 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இத்தகைய புரதங்களை வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். கோஹென் பிரித்தது மேற்றோல் வளர்ச்சிக் காரணி. இந்த அத்தியாயத்தில் அதைச் சுருக்கமாக ஈ.ஜீ.எஃப். என்போம். ஒரு கலம் இதை வெளியே சுரக்கும். பக்கத்துக் கலத்தின் மேற்பரப்பில் இதைப் பிடித்துக்கொள்ளும் புரதம் வாங்கி எனப்படும். காரணி வந்து ஒட்டியதும் வாங்கிகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்கின்றன. உடனே கலத்துக்குள் நீண்டிருக்கும் அவற்றின் வால்பகுதி செயற்படத் தொடங்கி, பிரி என்றோ, நகர் என்றோ, சாகாதே என்றோ உள்ளே செய்தி அனுப்புகிறது. வாங்கி இல்லாத கலத்துக்கு அந்தக் காரணி எவ்வளவு இருந்தும் பயனில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

கவ்வாத்துக் கத்தி கையில் பட்டால் காயத்தின் விளிம்பிலுள்ள தோல்கலங்கள் நகர்ந்து வந்து இடைவெளியை மூடுகின்றனவே, அது வளர்ச்சிக் காரணிகளின் வேலை. பருவம் எய்தும்போது மார்பின் பால்குழாய்கள் கிளைவிடுவதும் இவற்றால்தான். கர்ப்பத்தில் பால்சுரப்பிகள் பெருகுவதற்கும் பால் நிறுத்தியபின் அவை சுருங்குவதற்கும் இப்படிப்பட்ட செய்திகளே காரணம். வாழ்நாளில் இத்தனை முறை வளர்ந்து சுருங்கும் உறுப்புகள் உடம்பில் அதிகம் இல்லை. வளர்ச்சிச் செய்திகளை வாங்குவதற்கு மார்பின் கலங்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. புற்றுநோய்க் கலம் இந்த ஆயத்தத்தோடுதான் பிறக்கிறது.

ஊசிக்குள் நுழைந்தவை எவை?

கட்டியை விட்டுக் கலம் எப்படி நகர்கிறது? இதைப் படிப்படியாகப் பிரித்துக்காட்டிய ஒரு பரிசோதனையைச் சற்று நின்று பார்ப்போம். நியூயோர்க் நகரின் அல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜெஃப்ரி செகல், ஜோன் கொண்டீலிஸ், ஜெஃப்ரி பொலார்ட் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்தது. 2004இல் வெளியானது.

மார்பகக் கட்டி வளர்ந்த எலியை மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். மெல்லிய ஊசி ஒன்றில் பசை போன்ற பொருளோடு ஈ.ஜீ.எஃப். கலந்து நிரப்பி, அதைக் கட்டிக்குள் செருகினார்கள். நான்கு மணி நேரம் அப்படியே விட்டார்கள். ஈ.ஜீ.எஃப். ஊசியிலிருந்து மெல்லக் கசியும். அதை உணர்ந்து ஊர்ந்து வரும் கலங்கள் ஊசிக்குள் நுழையும். பிறகு ஊசியை வெளியே எடுத்து உள்ளே எவை, எத்தனை என்று எண்ணலாம். ஈ.ஜீ.எஃப். இல்லாத ஊசிக்குள் சொற்பமான கலங்களே நுழைந்தன.

புற்றுநோய்க் கலங்கள் வரும் என்பது எதிர்பார்த்ததுதான், ஏனென்றால் அவற்றுக்கு ஈ.ஜீ.எஃப். வாங்கி உண்டு. ஆனால் எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ முக்கால் பங்குதான் புற்றுநோய்க் கலங்கள். மற்றக் கால் பங்கு விழுங்குகலங்கள். கிருமிகளையும் செத்த கலங்களையும் விழுங்கி, காயப்பட்ட இடத்தைத் துப்புரவாக்கும் வெண்குருதிக் கலங்களுக்கு அந்தப் பெயர். இவற்றிடம் ஈ.ஜீ.எஃப். வாங்கி கிடையாது. உணர முடியாத ஒன்றை நோக்கி அவை ஏன் வந்தன?

அடுத்த ஊசியில் ஈ.ஜீ.எஃப்.புக்குப் பதிலாக வேறொரு காரணியை நிரப்பினார்கள். சீ.எஸ்.எஃப்.-1 என்பது அதன் பெயர். விழுங்குகலங்களை வளரவும் நகரவும் தூண்டுவது இதன் தொழில். அதற்கான வாங்கி விழுங்குகலங்களிடம் உண்டு. அந்த எலிகளின் புற்றுநோய்க் கலங்களிடம் இல்லை. ஆனாலும் ஊசிக்குள் மறுபடி இரண்டு வகையும் சேர்ந்தே வந்தன.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதை வைத்து அழைத்தாலும் இரண்டும் வருகின்றன. ஒன்றுக்கு அழைப்புக் கேட்கிறது, மற்றது கேட்டதன் பின்னால் வருகிறது. அப்படியானால் ஒவ்வொன்றும் மற்றதற்கு வேண்டியதைச் சுரக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். உண்மையில் அப்படித்தான் இருந்தது. புற்றுநோய்க் கலம் சீ.எஸ்.எஃப்.-1ஐச் சுரக்கிறது. அதை உணர்ந்த விழுங்குகலம் நெருங்கி வந்து ஈ.ஜீ.எஃப்.பைச் சுரக்கிறது. அதை உணர்ந்த புற்றுநோய்க் கலம் நகர்ந்தபடியே மேலும் சீ.எஸ்.எஃப்.-1 சுரக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு சேர்ந்தே ஊர்கின்றன.

இந்த விளக்கம் சரியென்றால் ஒரு விசித்திரமான விளைவு வரவேண்டும். ஒரு வாங்கியை மட்டும் மருந்தால் அடைத்தாலும் இரண்டு வகைக் கலங்களும் நிற்கவேண்டும். செய்து பார்த்தார்கள். ஈ.ஜீ.எஃப். வாங்கியை அடைத்தபோது, அந்த வாங்கியே இல்லாத விழுங்குகலங்களும் நின்றுபோயின. சீ.எஸ்.எஃப்.-1இன் வாங்கியை அடைத்தபோது, அது இல்லாத புற்றுநோய்க் கலங்களும் நின்றுபோயின. துணை நின்றதும் தானும் நின்றுவிட்டது.

உயிருள்ள எலியின் கட்டியை நுணுக்குக்காட்டியில் நேரடியாகப் பார்த்தபோது இன்னும் சில விவரங்கள் தெரிந்தன. இந்தக் கலங்கள் கட்டிக்குள் இருக்கும் நார்களின் மேல் ஊர்ந்து, குருதிக்குழாய்களை நோக்கிப் போகின்றன. குழாயின் ஓரத்தில் விழுங்குகலங்கள் உட்கார்ந்திருக்கின்றன. புற்றுநோய்க் கலங்கள் குழாய்க்குள் நுழைவது அந்த இடங்களில்தான். மனிதர்களின் நிலை என்ன? 2009இல், மார்பகப் புற்றுநோய் பரவிய 30 பெண்களின் கட்டிகளையும் பரவாத 30 பெண்களின் கட்டிகளையும் ஒப்பிட்டார்கள். புற்றுநோய்க் கலம், விழுங்குகலம், குருதிக்குழாய்ச் சுவர் ஆகிய மூன்றும் ஒட்டியிருக்கும் இடங்கள் பரவிய கட்டிகளில் அதிகமாக இருந்தன.

விழுங்குகலத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. காயம் ஆற்றுவது அதன் கடமை. பருவ வயதில் மார்பின் பால்குழாய்கள் நீள்வதற்கும் அது உதவியிருக்கிறது. கட்டிக்குள்ளும் அது அதே வேலையைத்தான் செய்கிறது.

வளர்வது வேறு, பரவுவது வேறு

பொலார்டின் குழு 2001இல் வேறொன்றும் காட்டியிருந்தது. சீ.எஸ்.எஃப்.-1ஐ உண்டாக்க முடியாத எலிகளிலும் மார்பகக் கட்டி வந்தது. கிட்டத்தட்ட அதே வேகத்தில் வளர்ந்தது. ஆனால் நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. கட்டி வளர்வதையும் பரவுவதையும் ஒரே காரியமாக எண்ணியவர்களுக்கு இது ஒரு திருத்தம். பெரிய கட்டி அசையாமல் இருப்பதும், சிறிய கட்டி முந்திப் பரவுவதும் ஏன் நடக்கிறது என்பதற்கு இதில் ஓரளவு விடை இருக்கிறது.

கட்டிக்குக் குருதி கொண்டுவரும் காரணியும் உண்டு. ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் வளர வேண்டுமானால் கட்டிக்குப் புதிய குருதிக்குழாய்கள் தேவை என்று ஜூடா ஃபோக்மன் என்ற ஆய்வாளர் 1971இல் வாதிட்டார். குழாய் வளரச் சொல்லும் காரணியும் பின்னர் பிரிக்கப்பட்டது. அவசரத்தில் முளைத்த குழாய்களின் சுவர் ஒழுகும். உணவு வரும் வழியே கலம் வெளியேறும் வழியாகவும் ஆகிறது. இந்தக் காரணியைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு, பரவிய மார்பகப் புற்றுநோயில் பயன்படுத்த 2008இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெண்கள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை என்று தெரிந்ததும் 2011இல் அந்த அனுமதி விலக்கப்பட்டது. ஒரு காரணியின் வழி அடைபட்டால் வேறொன்றின் வழியாகக் கலம் போய்விடுகிறது. எந்தக் கட்டி எந்தக் காரணியை நம்பி வாழ்கிறது என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுப்பதில் உள்ள சிக்கல் இதுதான்.

பாலுக்கும் என்புக்கும் உள்ள பழைய தொடர்பு

இனி முள்ளந்தண்டுக்கு வருவோம். என்பு பார்வைக்குக் கல் போல இருந்தாலும் ஓயாமல் அரிக்கப்பட்டுக் கட்டப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் என்பில் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது. அரிக்கும் கலங்கள் ஒரு வகை, கட்டும் கலங்கள் இன்னொரு வகை. கட்டும்போது டீ.ஜீ.எஃப்.-பீட்டா முதலான வளர்ச்சிக் காரணிகள் என்புக்குள் புதைக்கப்படுகின்றன. அரிக்கும்போது அவை வெளியே வருகின்றன. பாஜெட் தேடிய மண்ணின் சத்து இதுவே.

என்பை அரிக்கும்படி சொல்வது யார்? இங்கேதான் தாய்ப்பால் குறுக்கிடுகிறது. பால் கொடுக்கும் தாயின் மார்பு ஒரு புரதத்தைக் குருதியில் விடுகிறது. கல்சியம் கேட்கும் புரதம் என்று அதைச் சொல்லலாம். அது என்பை எட்டியதும், கட்டும் கலங்களின் மூலம் அரிக்கும் கலங்கள் தூண்டப்படுகின்றன; என்பிலிருந்து கல்சியம் கரைந்து பாலுக்கு வருகிறது. சில மாதம் பால் கொடுக்கும்போது தாயின் முள்ளந்தண்டின் அடர்த்தி சில விழுக்காடு குறைவதும், பால் நிறுத்தியபின் மீள்வதும் இதனால்தான். பிள்ளைக்கு வேண்டியதை என்பிடம் கேட்டு வாங்க மார்புக்கு இயல்பாகவே தெரியும்.

மார்பில் பிறந்த புற்றுநோய்க் கலமும் அந்த வித்தையை மறப்பதில்லை. முள்ளந்தண்டுக்குள் வந்து தங்கியதும் அதே புரதத்தைச் சுரக்கிறது. அரிக்கும் கலங்கள் என்பைக் கரைக்கின்றன. புதைந்திருந்த டீ.ஜீ.எஃப்.-பீட்டா வெளியே வந்து புற்றுநோய்க் கலத்தின் வாங்கியில் ஒட்டுகிறது. அது இன்னும் அதிகமாகக் கல்சியம் கேட்கும் புரதத்தைச் சுரக்கிறது. மேலும் என்பு கரைகிறது. அமெரிக்காவில் பணியாற்றிய கிரெகரி மண்டி முதலியோர் இதை விடாச் சுழல் என விவரித்தனர். புற்றுநோய்க் கலம் தானாக என்பைத் தின்பதில்லை. என்பின் சொந்தக் கலங்களையே தின்ன வைக்கிறது. என்பு அரிபட்டு, சில வேளை நெரிந்து உடைவதால் வலி வருகிறது.

சுழல் தெரிந்ததால் மருந்தும் வந்தது. அரிக்கும் கலங்களை அடக்கும் பிஸ்பொஸ்பனேட் மருந்துகளும், பின்னர் வந்த டெனோசுமாப் ஊசியும் என்பு முறிவையும் வலியையும் குறைக்கின்றன. இவை புற்றுநோய்க் கலத்தைத் தொடுவதில்லை. அதற்கு உணவிடும் கைகளைத்தான் தடுக்கின்றன.

இதைப் படித்துவிட்டுப் பால் கொடுப்பதை யாரும் சந்தேகிக்க வேண்டாம். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் வெளியான கணக்கின்படி, ஒரு பெண் பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகிறது.

வாங்கி பெருகிய கலங்கள்

இதுவரை பார்த்த கலங்கள் காரணிக்காகக் காத்திருப்பவை. சில கட்டிகளின் கலங்களோ காத்திருப்பதில்லை. அமெரிக்காவில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானி லக்ஷ்மி சரண் பாதி, எலியின் நரம்புக் கட்டியிலிருந்து வந்த ஒரு வாங்கிப் புரதத்தை 1982இல் அறிவித்தார். அதன் பெறுமதியை அப்போது எவரும் உணரவில்லை. அதே வாங்கியின் மனித வடிவம் சில வருடங்களில் வேறு குழுக்களிடம் அகப்பட்டது. ஹெர்-2 என்று பெயரிட்டார்கள். ஈ.ஜீ.எஃப். வாங்கியின் நெருங்கிய உறவு இது. ஆனால் தனக்கென்று ஒரு காரணி இல்லாதது. பக்கத்து வாங்கிகளோடு சோடி சேர்ந்து செய்தி அனுப்பும்.

லொஸ் ஏஞ்சலிஸ் வைத்தியர் டெனிஸ் ஸ்லேமன் 1987இல் 189 மார்பகக் கட்டிகளைப் பரிசோதித்து, சிலவற்றில் ஹெர்-2இன் பரம்பரையலகு பல மடங்கு பெருகியிருப்பதையும் அந்தப் பெண்களுக்கு நோய் விரைவில் திரும்புவதையும் காட்டினார். சாதாரணக் கலத்தின் மேற்பரப்பில் சில பத்தாயிரம் ஹெர்-2 வாங்கிகள் இருக்கும். இந்தக் கலங்களில் அது 20 இலட்சம் வரை போகும். இவ்வளவு நெருக்கமாக இருந்தால் காரணி வந்து ஒட்டாமலே அவை தமக்குள் சோடி சேர்ந்துகொள்கின்றன. வளர், நகர் என்ற செய்தி இடைவிடாமல் உள்ளே போகிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் கட்டி இந்த வகை.

இந்த வாங்கியைப் பிடித்து மூடும் பிறபொருளெதிரி மருந்தான டிரஸ்டுசுமாப்புக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2005இல் வெளியான முடிவுகள் சொல்லின. விலைதான் கைக்கெட்டவில்லை. பெங்களூரின் பயோகொன் நிறுவனம் இதற்கு நிகரான மருந்தை 2014இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் டிரஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

விலைக்கு அடுத்தது தூரம். வழமையான முறையில் இந்த ஊசியை மூன்று கிழமைக்கு ஒரு முறை, ஒரு வருடம் ஏற்ற வேண்டும். நாட்கூலிப் பெண் கண்டியிலோ மஹரகமவிலோ உள்ள வைத்தியசாலைக்கு ஒவ்வொரு முறையும் பஸ் ஏறினால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். கூட வருபவருக்கும் ஒரு பேர் போகும். அதனால் பிரித்தானியாவில் 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு 12 மாதச் சிகிச்சை தந்த பலனுக்கு 6 மாதச் சிகிச்சையின் பலனும் மிக அருகில் இருந்தது. இதயத்துக்கு வரும் பாதிப்பும் குறைவாக இருந்தது. யாருக்கு எத்தனை மாதம் என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை நோயாளி கேட்கலாம்.

அறிக்கையில் மூன்று வரிகள்

கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைப் பரிசோதித்து வரும் அறிக்கையில் மூன்று வரிகள் இருக்கும்: ஈ.ஆர்., பீ.ஆர்., ஹெர்-2. மூன்றும் வாங்கிகளின் பெயர்கள். முதலிரண்டும் பெண் ஓமோன்களான ஈஸ்திரசனுக்கும் புரொஜெஸ்தரோனுக்கும் உரியவை. பெரும்பாலான மார்பகக் கட்டிகளில் இவை இருக்கும். இருந்தால் தமொக்சிஃபென் போன்ற மாத்திரைகள் உதவும், அவை விலை குறைந்தவை. ஹெர்-2க்குப் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி இடுவார்கள். மூன்று என்றால் டிரஸ்டுசுமாப் பயன்படும். இரண்டு என்றால் இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். மூன்று வாங்கிகளும் இல்லாத கட்டிகளும் உண்டு. அவற்றுக்கு வைத்தியம் வேறு. ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் இரண்டு பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஒருவருக்கு மாத்திரையும் மற்றவருக்கு ஊசியும் கொடுத்தால் அது பாரபட்சம் அல்ல. அவர்களுடைய கட்டிகள் கேட்கும் செய்திகள் வேறு வேறு.

இந்த அறிக்கை கைக்கு வருவதற்கு முன் நடக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்குகின்றன. மார்பகப் பரிசோதனையும் அங்கே இலவசமாகச் செய்யப்படுகிறது. 20 வயதிலிருந்து மாதம் ஒருமுறை தானே தொட்டுப் பார்ப்பதும், 40 வயது வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் அதன்பின் வருடந்தோறும் கிளினிக்கில் காட்டுவதும் நாட்டின் பரிந்துரை. கட்டி தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. இருந்தாலும் மருத்துவமாதுவிடம் சொல்லி, பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாஜெட்டின் காலத்தில் பரவுதல் என்பது விதி. இன்று அது, எண்ணிச் சொல்லக்கூடிய சில படிகள்: விழுங்குகலத்தோடு சேர்ந்து ஊர்வது, குழாய்ச் சுவரைக் கடப்பது, என்பைக் கரைக்கச் சொல்லி அதன் காரணிகளை வாங்குவது. படிகள் தெரிந்தவரை தடுக்கும் மருந்தும் ஒவ்வொன்றாக வருகிறது. ஆனால் எந்த மருந்தும் கலம் புறப்படுமுன் கட்டியை எடுப்பதற்கு ஈடாவதில்லை. கொழுந்து அதிகமாக வரும் மாதம் கழியட்டும், திருவிழா முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடும் கிழமைகளில் வளர்ச்சிக் காரணிகள் வேலைநிறுத்தம் செய்வதில்லை.